மூணு எடுப்பு

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று
டப்பாவில் அச்சிட்டவன்
கம்பம் மெட்டு ஏறியிருக்க மாட்டான்.

பதினோரு பெண்கள், பதினோரு தூக்குச்சட்டி,
கொத்துக்கத்தி கட்டிய சாக்கு,
முதல் கியரில் முக்கி
மூக்கு ஆகாயம் பார்க்க ஏறுகிற கிலோமீட்டரை
திண்டுக்கல் பைபாஸின் கிலோமீட்டரோடு
ஒரே பந்தியில் உட்காரவைக்க முடியாது.

அதுவும் போக
என் ஜீப்பில் மீட்டர் நின்று ஒன்பது வருஷம்.
எண்பத்துநாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
அதற்குப் பிறகு
எனக்கும் வண்டிக்கும் வயதாகவில்லை.

அளவுக்கம்பியை எடுத்துப் பார்க்கலாம்தான்.
வண்டி மட்டமாக நிற்க வேண்டுமே.
ராத்திரி நிறுத்தும் தெரு வாய்க்காலைப் பார்த்துச் சரிவு.
தோட்டத்து வாசல் பள்ளத்தைப் பார்த்துச் சரிவு.
இரண்டுக்கும் நடுவே சமதளம் என்றால்
செக்போஸ்ட்டின் முன்னால் இருபதடி.
எந்த மாநிலத்துக்கு அது சொந்தமோ,
அங்கேதான் பானட்டைத் திறப்பேன்.
எஞ்சினை அணைத்து, எண்ணெய் கீழே இறங்கும் வரை
ஒரு பீடி நேரம்.
இழு, துடை, மறுபடி விடு, மறுபடி இழு.
முதல் தடவை அது சொல்வது பொய்.

"என்னப்பா கடத்துற?" என்பார் போலீஸ்காரர்.
"கறுப்பு எண்ணெய் சார்."
டீசல் வண்டியில் ஊற்றிய மறுநாளே கறுத்துவிடும்,
நிறத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.
விரலிடுக்கில் நறநறத்தால் பதறலாம்.
டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது,
வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடக்கலாம்.

இத்தனையும் தெரிந்த நான்தான்
போன ஆவணியில்
அடுத்த சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமை என்று
ஐந்து சனிக்கிழமை ஓட்டினேன்.

பாதி மெட்டில் சிவப்பு விளக்கு.
வயிற்றுக்குள் கூழாங்கல் உருட்டுகிற சத்தம்.
கல் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன்.

ஒச்சம்மாள் இறங்கி வந்தாள்.
"எப்பண்ணே எண்ணெ மாத்துனீக?"
நான் மலையைப் பார்த்தேன்.
"பதினோரு பேரு, தலைக்கு நானூத்தம்பது.
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது.
உங்க எண்ணெ எம்புட்டு?"
"பில்ட்டரோட ரெண்டாயிரம்."
அவள் சிரிக்கவில்லை. திட்டவுமில்லை.
தடுப்புச்சுவரில் ஏறி உட்கார்ந்து
காலை ஏழேகாலுக்கு
மதியச் சோற்றைத் திறந்தாள்.
ஒன்றன்பின் ஒன்றாகப் பதினோரு மூடிகள்.
புளிக்குழம்பு வாசம் வளைவு முழுக்க.
எனக்கும் ஒரு மூடியில் வந்தது.
விழுங்குவதற்கு லேசாக இல்லை.

மேலேயிருந்து ஸ்கூட்டரில் தங்கச்சன் வந்தான்,
காலிடுக்கில் எண்ணெய்க் கேனுடன்.
வடித்ததைத் தொட்டுப் பார்த்து
மலையாளத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.
எல்லையில் அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.
பேரிங் பிழைத்தது தெய்வாதீனம்.

மறுநாள் ஏறும்போதே ஒச்சம்மாள் தீர்ப்புச் சொன்னாள்:
"மூணு எடுப்புக்கு ஒருக்கா மாத்திருங்க.
மழை விடாமப் பேஞ்சா ரெண்டுக்கு.
நாங்க சொல்றோம், நீங்க எண்ண வேணாம்."

ஏலச்செடியில் ஒரு எடுப்புக்கும் அடுத்ததற்கும்
நாற்பது நாள்.
ஞாயிறும் கல்யாணமும் கருமாதியும் கழித்தால்
மூன்று எடுப்புக்கு நூறு நடை.
ஏறி இறங்க நாற்பது கிலோமீட்டர்.
ராத்திரி டைரியில் பெருக்கிப் பார்த்தேன்,
நாலாயிரம்.
தங்கச்சனிடம் சொன்னபோது தலையை ஆட்டி
"மலைக்கு அது மதி" என்றான்.

நேற்று செக்போஸ்ட்டில் கம்பியைத் துடைத்துக்கொண்டே
ஒச்சம்மாளிடம் கேட்டேன்:
"எடுப்பே இல்லாத பங்குனியில
எதை வச்சு எண்ணுறது?"

ஈரத் தலைத்துணியைப் பிழிந்தபடி சொன்னாள்:
"அப்ப நாங்க வரமாட்டோமே.
யாரை ஏத்திக்கிட்டு எங்க போவீக?"

கம்பியைச் செருகினேன்.
பானட் ஒரே தட்டில் மூடாது,
இரண்டாவதாகவும் ஓங்கித் தட்டினேன்.